நேட்டால் ரயிலை ஒரு பலகையில் கட்டுவது

மாதிரி ரயில் பாதை அமைக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என்னிடம் கேட்கும் நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இஞ்சினை வாங்குவதற்கு முன் அளவை, அதாவது நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கிக் கட்டுவது என்பதை, முடிவு செய்துகொள்ளுங்கள் என்பதுதான். கடையில் எளிதாகக் கிடைக்கும் தொகுப்புகள் பெரும்பாலும் 1:87 என்ற எச்ஓ அளவிலோ 1:76 என்ற ஓஓ அளவிலோ இருக்கும், இரண்டும் 16.5 மி.மீ. இடைவெளி கொண்ட தண்டவாளத்தில் ஓடுபவை. ஐரோப்பாவின் 1435 மி.மீ. பாதையை 87-ஆல் வகுத்தால் அந்த 16.5 கிடைக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலும் இருப்பதோ கேப் கேஜ் எனப்படும் 1067 மி.மீ. பாதை. நம்முடைய இஞ்சினை 1:87 அளவில் செய்து அதே தண்டவாளத்தில் நிறுத்தினால், மேலே இருப்பது நம் வண்டியாகவும் கீழே இருப்பது வேறு நாட்டுப் பாதையாகவும் தெரியும். டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் வளைவுகளில் ஓடிய ரயிலுக்கு அந்தக் குறுகிய பாதைதான் அடையாளம் என்பதால், இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

1067-ஐ 64-ஆல் வகுத்தால் 16.7 வருகிறது. அதாவது 1:64 அளவில் கட்டினால், எந்தக் கடையிலும் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளமே கேப் கேஜாகப் பொருந்திவிடுகிறது. எச்ஓ இஞ்சின்களின் மோட்டாரையும் சக்கரங்களையும் மேற்கூட்டுக்கு அடியில் பயன்படுத்திக்கொள்ளவும் முடிகிறது. தென்னாப்பிரிக்க ரயிலைக் கட்டுபவர்களில் பலர் 1:64-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம். இன்னொரு பயனும் உண்டு. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் ஓடிய டிராம் பாதைகளில் பெரும்பாலானவை 2 அடி, அதாவது 610 மி.மீ. அகலம் கொண்டவை, அதை 64-ஆல் வகுத்தால் 9.5 வருகிறது. ‘என்’ அளவு ரயில்களுக்கென்று விற்கும் 9 மி.மீ. தண்டவாளம் அதற்குப் போதும். ஒரே பலகையில் மெயின் லைனையும் தோட்டத்து டிராமையும் உண்மையான விகிதத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்க முடிவது எத்தனை பெரிய வசதி! ஆயத்தமாகச் செய்த வண்டிகள் குறைவு, பாகங்களைப் பொருத்தியோ பிளாஸ்டிக் தகட்டை வெட்டியோ நாமேதான் செய்ய வேண்டும் என்பது உண்மையே. ஆனாலும் தொடங்குபவருக்கும் நான் இதையே பரிந்துரைப்பேன்.

எந்த இடத்தைக் கட்டுவது என்ற கேள்விக்கு என் விடை, ஒரு சர்க்கரை ஆலையின் சைடிங், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து வேகன்கள் நிற்கும் பக்கப்பாதை. டர்பனில் மார்க்கெட் சதுக்கத்திலிருந்து துறைமுகப் பகுதியான பாயின்ட் வரை முதல் ரயில் ஓடியது 1860 ஜூன் 26-ஆம் தேதி. சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் வந்து சேர்ந்தது அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி. பின்வந்த ஆண்டுகளில் நம் முன்னோரில் பெரும்பகுதியினர் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பலர் நேட்டால் அரசு ரயில்வேயில் பாதை போடவும் பராமரிக்கவும் அமர்த்தப்பட்டார்கள். கரும்பும் தண்டவாளமும் சந்திக்கும் ஒரு சைடிங்கைக் கட்டும்போது அந்த இரண்டு உழைப்பும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இஞ்சின்களின் வரலாற்றை எழுதியவர்கள் அளவுக்கு, ஸ்லீப்பர் கட்டை சுமந்தவர்களைப் பற்றி எவரும் எழுதவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

வட்டமாகச் சுற்றும் பாதையைத் தவிர்த்துவிடுங்கள். 1:64 அளவில் நீண்ட வண்டிகள் இயல்பாகத் திரும்ப வேண்டுமானால் வளைவுக்கே ஓர் அறை தேவைப்படும். அதற்குப் பதிலாக, ஆங்கிலேயரான ஆலன் ரைட் வகுத்த இங்கிள்நூக் என்ற ஷன்டிங் (வேகன்களை இடம் மாற்றி வரிசைப்படுத்தும்) அமைப்பைப் பாருங்கள். இரண்டே பாயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்), மூன்று சைடிங், அவற்றில் முறையே 5, 3, 3 வேகன்கள் நிற்கும், மறுமுனையில் இஞ்சினும் 3 வேகனும் கொள்ளும் இடம். எட்டு வேகன்களிலிருந்து ஐந்தைச் சீட்டுப் போட்டு எடுத்து, சீட்டில் வந்த வரிசையிலேயே கோக்க வேண்டும். வரக்கூடிய வரிசைகள் மொத்தம் 6720 என்பதால் இது சலிப்பதில்லை. 12 மீட்டர் வேகன் இந்த அளவில் 19 செ.மீ.க்குச் சற்றுக் குறையும். இஞ்சின் 24 செ.மீ. என்று கொண்டால் எல்லாம் இரண்டரை மீட்டருக்குள் அடங்கும். 2440 மி.மீ. நீள ஒட்டுப்பலகையை 40 செ.மீ. அகலத்தில் அறுத்து, நடுவில் இரண்டாக்கி, போல்ட் போட்டு இணைத்தால் காரிலும் எடுத்துச் செல்லலாம்.

பலகையின் மேல்பக்கம், அடிப்பக்கம், அறுத்த ஓரங்கள் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடித்துவிட வேண்டும். டர்பனின் கடற்கரை ஈரக்காற்றில் பூச்சில்லாத ஓரம் வழியாக ஈரம் ஏறிப் பலகை நெளிந்தால், மேலே எவ்வளவு நேராகத் தண்டவாளம் போட்டிருந்தாலும் பயனில்லை.

பாதை போடுவதில்தான் பொறுமை காட்ட வேண்டும். கடையில் வாங்கும் தண்டவாளத்தின் ஸ்லீப்பர்கள் எச்ஓ அளவுக்கு வார்த்தவை. நம் அளவுக்கு அவை மிக நெருக்கமாகத் தெரியும். தண்டவாளத்தைக் கவிழ்த்து வைத்து, ஸ்லீப்பர்களை இணைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழையைக் கூரிய கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டிவிட்டு, ஸ்லீப்பர்களை நகர்த்திச் சீரான இடைவெளி விட்டு ஒட்டினால், அதே பாதை நம் ஊர் கிளைப்பாதையாக மாறிவிடும். இரண்டு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட் மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பாமல், ஒவ்வொரு தண்டவாளத் துண்டின் வெளிப்பக்கத்திலும் தனி வயரைச் சால்டர் செய்து பலகைக்கு அடியில் கொண்டுபோங்கள். உப்புக்காற்றில் ஃபிஷ்பிளேட் இணைப்புகள் வெகு நாள் தாங்குவதில்லை. ஷன்டிங் இஞ்சின் நத்தை வேகத்தில் பாயின்டைக் கடக்க வேண்டியிருப்பதால், தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் ஃபிராக் பகுதி பிளாஸ்டிக்காக இல்லாமல் மின்சாரம் பாயும் வகையாக இருக்கட்டும். ஒரு வேகனைக் கையால் தள்ளிப் பார்த்து எங்கும் தட்டாமல் போன பிறகே ஜல்லி கொட்ட வேண்டும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் பசை ஜல்லிக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

வண்டிகளைக் கோக்கும் கப்ளிங்குக்கு, மடங்கிய விரல்கள் போலப் பற்றிக்கொள்ளும் நக்கிள் வகையையே வாங்குங்கள். நம் ரயில்வேயில் இருப்பது அதுதான்.

கரும்புக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று மீட்டர் வளர்ந்த கரும்பு இந்த அளவில் 4.7 செ.மீ. நிற்கும், வேகனின் கூரையை மறைக்காது. சணல் கயிற்றை அந்த நீளத்துக்கு நறுக்கி, அடியைப் பசையில் தோய்த்து, நுனியைப் பிரித்துவிட்டு, கீழே வாடிய சோகையின் வெளிர்மஞ்சளும் மேலே பச்சையும் தீட்டி நட வேண்டும். முன்வரிசை இரண்டு மூன்றை மட்டும் இப்படிச் செய்தால் போதும். பின்னால் உயரம் குறைத்துப் பச்சை நார் ஒட்டினால் தோட்டம் மலைச்சரிவு வரை நீள்வதாகத் தோன்றும். குளிர்காலத்தைக் காட்ட விரும்பினால், வெட்டுவதற்கு முன் நெருப்பு வைத்த ஒரு பாத்தியைக் கரிநிறத்தில் விடலாம்.

டிராம் பாதையை முதல் நாளிலேயே போட வேண்டியதில்லை. சைடிங்கின் பின்புறம் 9 மி.மீ. தண்டவாளத்துக்கு ஒரு கை அகலம் விட்டுவைத்து, வயர் இறங்கத் துளையும் இட்டுவிடுங்கள். மூன்று சைடிங்கிலும் இஞ்சின் தயங்காமல் ஓடத் தொடங்கியதும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம்.