கை உதறினால் என்ன?

ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வரும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "ஏபிஏ தெரபியில சேர்த்துடலாமா டீச்சர்?" பரிசு கொடுத்துக் கொடுத்து நடத்தையைப் பழக்கும் பயிற்சி அது. கோத்தகிரி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தரும் சிறப்பு ஆசிரியர் நான். இதற்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. அங்கே எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள், பிள்ளை வேண்டாம் என்று காட்டினால் என்ன செய்வார்கள், இந்த இரண்டையும் கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன்.

அண்மையில் ஒரு தேயிலைத் தோட்டக் குடும்பத்தோடு இதைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருந்தது. அப்பா ஃபேக்டரியில், அம்மா இலை பறிக்கிறார். பையனுக்கு மூன்றரை வயது, இன்னும் பேச்சு வரவில்லை. ஃபேக்டரி சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். சந்தோஷம் வந்தால் நுனிக்காலில் நின்று இரண்டு கையையும் படபடவென்று உதறுவான். கோவையில் ஒரு சென்டர் எழுதிக் கொடுத்த பட்டியலில் முதலில் இருந்தது, கூப்பிட்டால் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது. அடுத்தது கை உதறுவதை நிறுத்துவது. அப்புறம் பத்து நிமிஷம் நாற்காலியில் உட்காருவது. சாப்பாடு கேட்பதோ, வலித்தால் காட்டுவதோ அதில் இல்லை.

அப்பா மொபைலில் ஒரு வீடியோ பார்த்திருந்தார். வாரம் 40 மணி நேரம் கொடுத்தால் பிள்ளை சரியாகிவிடுவான் என்றது அது. அந்த 40 எங்கிருந்து வந்தது என்று அவருக்குச் சொன்னேன். கலிபோர்னியாவில் லோவாஸ் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு அது. தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போல முதல் வகுப்புக்குப் போனார்கள் என்றார் அவர். ஆனால் யாருக்கு அந்தப் பயிற்சி என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கவில்லை, அதனால் முன்னேற்றம் பயிற்சியால் மட்டும்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தொடையில் அடிப்பதும் அந்த முறையில் இருந்தது. இன்று பரவலாக அடி போய்ப் பரிசு வந்துவிட்டது. இருந்தாலும், சின்ன வயதில் அதில் பழகி வளர்ந்த ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், தாங்கள் கற்றுக்கொண்டது வேதனையை மறைக்கத்தான் என்று எழுதியிருக்கிறார்கள். எந்த வீடியோவையும் விட அவர்கள் பேச்சுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

அதற்காக நடத்தைப் பயிற்சியே கெட்டது என்றும் சொல்ல மாட்டேன். படத்தைக் கொடுத்து வேண்டியதைக் கேட்கும் முறையை 1985-இல் அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் உருவாக்கியது அதே கொள்கைகளை வைத்துத்தான். இந்தப் பையனுக்கு அதைத்தான் தொடங்கினோம். பிஸ்கட் கவரை வெட்டி அட்டையில் ஒட்டினோம். அம்மா கையைப் பிடித்து அலமாரிக்கு இழுத்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் அந்த அட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். பாதி பிஸ்கட் கிடைத்தது. தின்றுவிட்டு ஓடிப்போய் அதே அட்டையைத் தேடி எடுத்து மறுபடியும் வைத்தான். அம்மா என்னைப் பார்த்தார், பேச வரவில்லை அவருக்கு.

அடுத்து 'வேண்டாம்' அட்டை. இதில் நான் பிடிவாதக்காரி. கம்பளி ஸ்வெட்டர் போடும்போது அதை எடுத்து நீட்டினான். "இந்தக் குளிர்ல இதையும் கேக்கணுமா டீச்சர்?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். கழுத்துப் பட்டியைத் தடவிப் பார்த்தோம், முள்ளாகக் குத்தியது. உள்ளே பருத்திச் சட்டையைப் போட்டு, கழுத்து இல்லாத ஜெர்கினை மாட்டினோம். போட்டுக்கொண்டான்.

அப்பாவின் பயம் வேறு. "ஸ்கூல்ல கை உதறினா சிரிப்பாங்களே." சிரிக்கத்தான் செய்வார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வகுப்பில் போய்ப் பேச வேண்டியது நானும் அந்தப் பள்ளியும். அதற்காகப் பையனின் சந்தோஷத்தை அடக்கச் சொல்ல முடியாது.

கோவை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் வளைவுகளில் வாந்தி எடுத்துவிடுவான். துவண்டு போய்ச் சேருகிற பிள்ளைக்கு ஒரு மணி நேரத் தெரபியில் என்ன ஏறும்? அம்மாவுக்கு அன்றைய கூலியும் போகும். ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான நிரமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும்.

கடைசியில் மாதம் இரண்டு தடவை மட்டும் போவது, மற்ற நாளெல்லாம் வீட்டிலேயே பழக்குவது என்று முடிவு செய்தார்கள். போவதற்கு முன் அவர்களே ஒரு பட்டியல் எழுதினார்கள்: பசித்தால் கேட்பது, கழிப்பறை, ரோட்டில் அம்மா பிடித்த கையை விட்டுவிட்டு ஓடாமல் இருப்பது, வேண்டாம் என்று சொல்வது. அம்மா கூடவே அறையில் இருப்பார் என்றும் சேர்த்தார்கள். சென்டர் பட்டியலை ஏற்றுக்கொண்டது. அம்மா அறையில் இருந்தால் கவனம் சிதறும் என்று மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே விடாவிட்டால் வேறு இடம் பார்க்கலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.