குன்றுகளின் வரைபடத்துக்கு ஒரு மடங்கும் பக்கப்பட்டி

மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளை ஒரே வரைபடத்தில் காட்டும் வலைச்செயலி ஒன்றை ஓய்வு நேரங்களில் உருவாக்கி வருகிறேன். மாங்குளம், அரிட்டாபட்டி, யானைமலை, கீழவளவு, கீழக்குயில்குடி, கொங்கர் புளியங்குளம் எனப் பட்டியல் நீண்டுகொண்டே போனதாலும், ஒவ்வோர் ஊரின் கீழும் கல்வெட்டு, கற்படுக்கை (துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கை), சிற்பம், செல்லும் வழி என்ற உட்பிரிவுகள் சேர்ந்ததாலும், இடப்பக்கப் பட்டி வரைபடத்தை நெருக்கத் தொடங்கியது. மலையடிவாரத்தில் நின்று பார்ப்பவருக்கு முதலில் வேண்டியது வரைபடம்தான். ஆகவே, பட்டியை வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது மடக்கும் வசதியைச் சேர்த்தேன்.

சிறு படக்குறிகளை மட்டும் ஓரத்தில் விட்டுவைக்கும் முறை பரவலாக இருந்தாலும், யானைமலைக்கும் கீழவளவுக்கும் வேறுவேறு குறி வரைந்தால்கூட அந்த அளவில் யாருக்கும் அடையாளம் தெரியாது என்பதால், முழுவதுமாக மடக்கிவிடுவதே சரி என்று முடிவு செய்தேன். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அமைக்கும் சிஎஸ்எஸ் கிரிட்டில், பட்டி இருக்கும் முதல் நெடுவரிசையின் அகலத்தை 280 பிக்சலிலிருந்து சுழியத்துக்கு மாற்றினால் போதும். அதில் சிரமம் இல்லை.

எழுத்தில்தான் கவனம் தேவைப்பட்டது. பட்டி சுருங்கச் சுருங்க, ‘கொங்கர் புளியங்குளம்’ இரண்டு வரியாக உடைந்து, கீழுள்ள பெயர்களையெல்லாம் தள்ளிவிடும். உள்ளே 280 பிக்சல் நிலையான அகலத்தில் இன்னொரு பெட்டியை வைத்து, வெளிப்பெட்டி மட்டும் சுருங்கி அதை மறைக்குமாறு செய்ததும் பட்டியல் அசையாமல் நின்றது. ‘கீழக்குயில்குடி’ என்ற ஒரே பெயரில் மேலே சுழியும் கீழே வளைவும் வருவதால், வரியின் உயரத்தை எழுத்தளவைப் போல் 1.2 மடங்கு என்று வைத்தால் எழுத்தின் விளிம்பு வெட்டுப்படுகிறது, 1.6 என்பது தமிழுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

வரைபடத்துக்கு லீஃப்லெட் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். உலாவிச் சாளரத்தின் அளவு மாறினால் அது தானாகவே உணர்ந்துகொள்ளும். ஆனால், பட்டி மடங்கி வரைபடத்தின் பெட்டி மட்டும் அகலமானால் உணராது. புதிதாகக் கிடைத்த இடம் சாம்பல் நிறமாகவே கிடக்கும். அப்போது ‘இன்வாலிடேட் சைஸ்’ என்ற செயற்கூற்றை நாமே அழைக்க வேண்டும். அசைவு முடிந்ததைத் தெரிவிக்கும் நிகழ்வை நம்பி அதை அழைக்கலாம்தான். ஆனால், அசைவுகளைக் குறைக்கும்படி தம் கருவியில் அமைத்திருப்பவர்களுக்காக அசைவையே நீக்கிவிட்டால், அந்த நிகழ்வு எழவே எழாது. பெட்டியின் அளவையே கண்காணிக்கும் ‘ரீசைஸ் அப்சர்வர்’ இரு நிலைகளிலும் சரியாக வேலை செய்கிறது.

மடக்கிய பட்டி கண்ணுக்கு மறைந்தால் மட்டும் போதாது. அகலம் சுழியமான பிறகும் உள்ளே இருக்கும் இணைப்புகள் டேப் விசைக்கு அகப்பட்டுக்கொண்டே இருக்கும். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் இல்லாத பட்டியலுக்குள் அலைய நேரிடும். 2023 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் கிடைக்கும் ‘இனெர்ட்’ பண்பு, ஒரு பெட்டியின் உள்ளே இருப்பவை எதுவும் விசைக்கும் திரைவாசிப்பானுக்கும் எட்டாதபடி செய்து, இதை ஒரே சொல்லில் தீர்க்கிறது. திறக்கும் பட்டனை மட்டும் அந்தப் பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டும். பட்டனின் பெயரை ‘குன்றுகளின் பட்டியல்’ என்றே மாறாமல் விட்டு, திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை ‘ஏரியா எக்ஸ்பேண்டட்’ பண்பு சொல்லுமாறு விட்டிருக்கிறேன்.

உட்பிரிவுகளுக்கு தட்டினால் விரிந்து மூடும் ‘டீடெய்ல்ஸ்’, ‘சம்மரி’ என்ற எச்டிஎம்எல் கூறுகளே போதுமானவை. ஒன்றைத் திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும் வசதியும் அவற்றில் உண்டு. எனினும், பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வரும் மாங்குளத்துத் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டையும் அரிட்டாபட்டியின் கல்வெட்டையும் அருகருகே வைத்துப் படிக்க விரும்புவோருக்கு அது இடையூறு என்பதால் சேர்க்கவில்லை.

768 பிக்சலுக்குக் குறைவான திரையில் பட்டி வரைபடத்தைத் தள்ளாமல் அதன் மேல் வந்து படியும். விரலால் இடப்புறம் தள்ளி மூடும் வசதியை வைக்கவில்லை. வரைபடத்தை நகர்த்துவதும் அதே விரலசைவுதான்.