முற்றம் வைத்துக் கட்டினோம், முதல் மழையே ஹாலுக்கு வந்தது

திருச்சியில் நாங்கள் கட்டிய வீட்டுக்குக் குடிபோய் ஐந்தாவது மாதம், ஐப்பசியில் ஒரு ராத்திரி. இரண்டு மணி இருக்கும். கட்டிலிலிருந்து காலை இறக்கினால் சில்லென்று தண்ணீர். நடு முற்றம் நிரம்பி வழிந்து, ஹால் வழியாக எங்கள் படுக்கையறைக்கு வந்துவிட்டது. மாமியார் மட்டும் பதறவில்லை. கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி, "மழைய வீட்டுக்குள்ள கூப்பிட்டீங்க, வந்துருச்சு" என்றார். அந்த வார்த்தைக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருஷமும் ஒன்றரை லட்ச ரூபாயும் ஆயிற்று.

எங்களுடையது 40க்கு 60 மனை. நடுவில் 12க்கு 14 அடியில் வானம் பார்த்த முற்றம், அதில் தோட்டம், அதைச் சுற்றி ஹால், சமையலறை, மூன்று அறைகள். திட்ட அனுமதி சிக்கலில்லாமல் கிடைத்துவிட்டது. வாஸ்து பார்த்தவரும் எங்கள் கட்சிதான். பிரம்மஸ்தானம், அதாவது வீட்டின் நடுப்பகுதி, திறந்திருக்கிறது என்று அவருக்கு ஏக சந்தோஷம். நட்ட நடுவில் மரம் மட்டும் வேண்டாம் என்றார், ஓரத்துக்குத் தள்ளினோம்.

வினை வங்கியில் ஆரம்பித்தது. கடன் பிரிவில் இருந்தவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், நடுவுல இது என்ன ஓட்டை? லிஃப்ட்டா?" என்று கேட்டார். முற்றம் என்றேன். "அதான் மேடம், என்ன முற்றம்?" இதற்கு மேல் எப்படி விளக்குவது! அவருக்கு விளங்காததுகூடப் பரவாயில்லை. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் கட்டடப் பரப்பில் முற்றத்தின் 168 சதுர அடியைக் கழித்துவிட்டார், எங்கள் காண்டிராக்டர் கொடுத்த எஸ்டிமேட்டிலோ அது சேர்ந்திருந்தது. இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை என்று ஃபைல் திரும்பியது. இதை அவர்கள் போனில் சொல்லியிருக்கலாம். அரை நாள் விடுப்பு போட்டுப் போய் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்கள். அடுத்த வாரம் போனால், கையெழுத்து போட வேண்டியவர் பயிற்சிக்குப் போயிருந்தார்.

கடைசியில் வழி சொன்னது எங்கள் இன்ஜினியர். எஸ்டிமேட்டில் முற்றத்தைச் சதுர அடிக் கணக்கில் கொண்டுவராமல் "கல் பாவுதல், வடிகால், மேல் கிரில்" என்று தனி வேலையாக எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் கடன் பாஸ் ஆனது. முற்றம் வைக்கப் போகிறவர்கள் முதல் எஸ்டிமேட்டையே இப்படிப் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

காண்டிராக்டரோடு நடந்தது வேறு சண்டை. சதுர அடி 2,400 ரூபாய் என்று பேசியிருந்தோம். கூரையே இல்லாத இடத்துக்கும் அதே ரேட் போட்டு 4,03,200 ரூபாய் கேட்டார். "வானத்துக்கு எதுக்குங்க காசு?" என்று என் கணவர் குதித்தார். காண்டிராக்டர் அமைதியாக டேப்பை எடுத்து முற்றத்தைச் சுற்றி அளந்து காட்டினார். நாலு பக்கமும் சேர்த்து 52 அடி. சாதாரண வீட்டில் இல்லாத 52 அடிக்கு அஸ்திவாரம், லிண்டல், ஜன்னல், சன்ஷேடு, பெயின்ட். ஓட்டை போட்டால் செலவு குறையும் என்று நினைத்திருந்தோம், ஏறத்தான் செய்யும். பாதி ரேட்டுக்கு முடித்துக்கொண்டோம். ஒப்பந்தத்தில் "ஓடிஎஸ் (வானம் பார்த்த திறந்த இடம்) எப்படிக் கணக்கிடப்படும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த ஒரு மாதத் தலைவலி இருந்திருக்காது. அஸ்திவாரம் தோண்டிய பிறகு பேரம் பேசினால் பிடி நம் கையில் இருக்காது.

இனி தண்ணீர்க் கதை.

கானாடுகாத்தானுக்குப் போய் செட்டிநாட்டு வீடுகளின் வளவுகளை, அதாவது நடு முற்றங்களை, எல்லாம் பார்த்துவிட்டு வந்தவள் நான். தூண்களைப் பார்த்தேன், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்தேன், போட்டோ எடுத்தேன். வளவில் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் குனிந்து பார்க்கவில்லை. அவர்கள் கூரைத் தண்ணீரை வளவில் வாங்கினார்கள் என்றால், அதை வெளியே கொண்டுபோக வாய்க்காலும் அது போய்ச் சேர ஊரணியும் வைத்திருந்தார்கள். நாங்கள் வளவை மட்டும் காப்பியடித்தோம். எங்கள் தெருவில் ஊரணி என்ன, சாக்கடைகூடக் கிடையாது.

பார்க்க நன்றாக இருக்கும் என்று மொட்டை மாடியில் பாதியை, 500 சதுர அடியை, முற்றத்துப் பக்கம் வாட்டம் விடச் சொன்னது நான்தான். மேஸ்திரி ஒருமுறை, "தண்ணி ஜாஸ்தி வரும்மா" என்றார். கேட்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். மாடியும் முற்றமுமாக 62 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் கொட்டினால் 6,200 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் பாதி. முற்றம் ஹாலைவிட 9 அங்குலம் தாழ்வு, விளிம்பு வரை நிரப்பினாலும் 3,600 லிட்டர்கூடப் பிடிக்காது. மிச்சம் அத்தனையும் ஒரே ஒரு பைப் வழியாகத் தெருவுக்குப் போயாக வேண்டும்.

அந்தப் பைப்பின் கதையைக் கேளுங்கள். ரோட்டைவிட ஹால் தரை 24 அங்குலம் உயரம். முற்றத்துக்கு 9 போனால் 15. வடிகால் வாயை மூடுகிற ஜாலி, அதற்குக் கீழே தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கிற நஹானி ட்ராப், பைப்பின் பருமன் எல்லாம் சேர்ந்து 10 அங்குலத்தைத் தின்றுவிட்டன. முற்றத்திலிருந்து தெருவுக்கு 30 அடி, நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால் அதற்கு மூன்றரை அங்குலத்துக்கு மேல். ஆக, பைப்பின் வாய் ரோட்டைவிட ஒன்றரை அங்குலம்கூட உயரமில்லை. புரட்டாசியில் ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே 4 அங்குலம் ஏற்றி, ஓரத்துக்குக் கிராவல் மண்ணும் அடித்தார்கள். நாங்கள் புது ரோடு வந்த மகிழ்ச்சியில் வாசலில் பெரிய கோலம் போட்டோம். பைப்பின் வாய் மண்ணுக்குள் போனதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிடு. வெளிச்சமும் வரும், மழையும் வராது. காண்டிராக்டர் கொட்டேஷனே கொண்டுவந்துவிட்டார். என் நாத்தனார் வீட்டில் அப்படி மூடியிருக்கிறார்கள். சித்திரை மத்தியானம் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவளுக்குத்தான் தெரியும், சட்டிக்குள் வெந்த மாதிரி. வீட்டுச் சூடு மேலே ஏறி வெளியே போகத்தானே நடுவில் திறந்து வைக்கிறோம்? மூடினால் வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மூடாமல் சரிசெய்ய நாங்கள் செய்தது இதுதான். மாடியின் வாட்டத்தைத் திருப்பி, வீட்டுக்கு வெளிப்பக்கம் இரண்டு 4 அங்குலப் பைப் இறக்கினோம். முற்றத்துக்கு இப்போது அதன் மேல் நேராக விழுகிற மழை மட்டும்தான். 100 மில்லிமீட்டர் பெய்தாலும் 1,560 லிட்டர், வடிகால் மொத்தமாக அடைத்தாலும் தாங்கும். வடிகாலையும் தெருவுக்கு விடாமல் பின்பக்க மூலைக்குத் திருப்பி, 4 அடி விட்டத்தில் 15 அடி ஆழத்துக்குக் கிணற்று உறை இறக்கி அதில் விட்டோம். 5,000 லிட்டருக்கு மேல் கொள்ளும். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்தே கட்டாயம்தான், ஆனால் முதலில் எங்கள் காண்டிராக்டர் தோண்டியது கணக்குக்கு ஒரு குழி. உறையைச் செப்டிக் டேங்க் பக்கம் மட்டும் இறக்கிவிடாதீர்கள், எங்கள் ஆட்கள் முதலில் கடப்பாரை போட்டது அங்கேதான்.

பைப்பைத் திருப்ப ஹாலில் 11 ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க வேண்டியிருந்தது. ஒன்றுகூட முழுசாக வரவில்லை. அவை கண்ணாடி மேல் கையால் வார்த்துச் செய்கிற கற்கள், ஒரு தடவை வருகிற நிறம் அடுத்த தடவை வராது. வாங்கும்போது ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வைக்கவில்லை. இன்றைக்கும் ஊஞ்சலுக்குக் கீழே 11 கல் மட்டும் வேறு பச்சையில் பல்லைக் காட்டுகின்றன.

சாரலையும் நாங்கள் யோசிக்கவில்லை. மழை என்ன நேராகவா விழுகிறது? ஒன்றரை அடி சன்ஷேடு எதற்கும் பத்தவில்லை. சோபா ஊறி, மின்விசிறிக்குக் கீழே நாலு நாள் காய்ந்தது. பிறகு மங்களூர் ஓட்டில் மூன்றடிக்குச் சாய்ப்பு இறக்கினோம். அதைக் கூரைக்குச் சென்ட்ரிங் அடிக்கும்போதே கேட்டு வாங்கியிருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும். வடிகாலையும் கல் பாவுவதற்கு முன்பே சோதியுங்கள். 200 லிட்டர் டிரம் இரண்டை ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு, வெளியே எப்போது வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். இன்ஜினியர் பக்கத்தில் இருக்கும்போதே பாருங்கள்.

செடி விஷயம் கொஞ்சம்தான். மாமனார் ஆசையாக முருங்கை வைத்தார். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி சுவரோடு ஊர்ந்து பூஜை அறைக்கு வந்ததும் அவரே வெட்டிவிட்டார். இப்போது மூலையில் ஒரு பவளமல்லி, நந்தியாவட்டை, கொஞ்சம் கல்வாழை. மேலே கிரில் போட்டாயிற்று. கொசுவலை போடலாமா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் இரண்டு கட்சி.

போன ஐப்பசியில் மறுபடி ஒரு ராத்திரி விடாமல் கொட்டியது. எனக்குத் தூக்கம் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு போனால், முற்றத்துத் திண்டில் மாமியார் முன்பே உட்கார்ந்திருந்தார். ஜாலிமேல் விழுகிற பவளமல்லிப் பூவை ஒரு குச்சியால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறவில்லை. "போய்ப் படு, நான் பாத்துக்கறேன்" என்றார்.