எடுத்துச் சொன்னேன்

“எல்லாம் எடுத்துச் சொல்லிட்டீங்களா?” என்று நீதிபதி என்னைப் பார்த்துக் கேட்டார். “சொல்லிட்டேன், ஐயா” என்றேன். என் கட்சிக்காரனான அந்தத் தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவானது. இதுவரை உள்ளே இருந்த காலமே தண்டனை என்று உத்தரவானது. மறுநாள் காலை புழல் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டான். எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ வேலை பார்க்கும் எந்த வக்கீலுக்கும் இது புதிதில்லை. இலவச சட்ட உதவியில் வழக்கு நடத்தும் எனக்கும்தான். இருந்தும் “சொல்லிட்டேன்” என்ற அந்த ஒரு சொல்லை என்னால் இன்னும் விட முடியவில்லை.

வழக்கு ஒரு செல்போன் பற்றியது. புகார் கொடுத்தவர் கோயம்பேட்டில் பஸ் ஏறும்போது பறிகொடுத்தது, சில நாள் கழித்து இவன் கையில் இருந்தது. “நான் எடுக்கலை மேடம். ரெண்டாயிரம் குடுத்து வாங்கினேன், பில்லு கேட்கலை” என்று முதல் சந்திப்பிலேயே சொன்னான். பிறகும் மாற்றிச் சொல்லவில்லை. பதிவானதோ திருட்டு: புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் அது 317ஆம் பிரிவில் வரும் வேறு குற்றம். எதுவும் தெரியாமல் வாங்கியிருந்தால் இரண்டுமே இல்லை. களவுபோன பொருள் சீக்கிரத்திலேயே ஒருவனிடம் இருந்து, எப்படி வந்தது என்று அவனால் விளக்க முடியாவிட்டால், அவன் திருடன் அல்லது தெரிந்தே வாங்கியவன் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். அனுமானித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஸ்டேஷனில் எழுதி வாங்கிய ஒப்புதல் வாக்குமூலத்தை அவனுக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. அதன் மூலம் ஏதாவது கண்டெடுக்கப்பட்டிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் ஏற்பார்கள். வாதாடத் தகுந்த வழக்கு. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். குற்றச்சாட்டு வனையும் நாளன்று, அதாவது இன்ன குற்றம் என்று கோர்ட் முறைப்படி வாசித்து ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்கும் நாளன்று, காவலுக்கு வந்த போலீஸ்காரர் நாலடி தள்ளி நிற்க, கோர்ட் வராந்தாவில் மறுபடியும் சொன்னேன். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு; நீ நிரபராதி என்று நீ நிரூபிக்கத் தேவையில்லை. உனக்கு எதிராக நீயே சாட்சி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது; அரசியல் சாசனத்தின் 20(3) அதைத்தான் சொல்கிறது. குற்றப்பத்திரிகை நகல் இலவசமாக உன் கைக்கு வர வேண்டும், வந்தும்விட்டது. சாட்சிகளை நான் குறுக்கு விசாரணை செய்வேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அப்புறம் கேட்டான்:

“கேஸ் நடத்துனா எவ்ளோ நாள் ஆகும் மேடம்?”

“சொல்ல முடியாதுப்பா. ஒரு வருஷம் ஆகலாம், மேலயும் போகலாம்.”

“ஒத்துக்கிட்டா?”

“பெரும்பாலும் உள்ள இருந்த நாளையே தண்டனையாக் கழிச்சு விட்டுடுவாங்க. இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு வெளிய வந்துடலாம்.”

அந்தக் கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அது உண்மை. கேட்டவனிடம் மறைக்க எனக்கு உரிமை கிடையாது. விசாரணைக் காவலில் இருந்த நாளைத் தண்டனையில் கழிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த வரியைச் சொன்ன பிறகு நான் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை என்பதும் உண்மை. ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றால் தண்டனையின் அளவையோ சட்டப்படியான தன்மையையோ மட்டும்தான் மேல்முறையீட்டில் கேட்க முடியும், ‘நான் செய்யவில்லை’ என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது என்றேன். இந்தத் தண்டனை பதிவில் இருக்கும், நாளைக்கு இதே மாதிரி இன்னொரு வழக்கில் தண்டனை வந்தால் நியாய சன்ஹிதாவின் 13ஆம் பிரிவின்படி பத்தாண்டு, ஏன் ஆயுள்வரைகூடப் போக முடியும் என்றேன். “இன்னொரு கேஸ் எதுக்கு மேடம் வரப்போவுது?” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அவன் ஏன் உள்ளே இருந்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஜாமீன் கிடைக்காமல் இல்லை. உத்தரவு வாங்கி நாளாகிவிட்டது. இரண்டு பேர் ஜாமீன்தாரராக வேண்டும். அம்மா வாடகை வீட்டில் இருக்கிறார். திருத்தணிப் பக்கம் இருக்கும் மாமா தன் காகிதங்களோடு வந்து நின்றார். வெளியூர் ஆள் என்று ஏற்கவில்லை. 1978இல் மோத்திராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது கிட்டத்தட்ட இதையேதான்: ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரத்துக்கு ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரர் வேறு மாவட்டம் என்று தள்ளியிருந்தார்கள். அது தவறு என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்க முடியாதவர்களின் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே யோசிக்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவற்றை வைத்துத்தான் நான் மனு போட்டேன். இரண்டு பேர் என்பது ஒருவர் என்று குறைந்தது. அந்த ஒருவரும் கிடைக்கவில்லை. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், உச்சபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் காவலில் கழித்துவிட்டால் பத்திரத்தின் பேரில் விடுவிக்க வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு சொல்கிறது. மூன்று ஆண்டில் மூன்றில் ஒன்று என்றால் ஒரு வருஷம். அவன் நாலு மாதம்தான் கழித்திருந்தான்.

ஆக, அவன் போட்ட கணக்கு சரி. தன்னை நிரபராதி என்று சொல்கிற ஒருவனுக்குக் குற்றவாளி என்று ஒப்புக்கொள்வதே வேகமான வழியாக இருக்கிறது என்றால், அதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது.

ஒரே ஒரு இடத்தில் அவனைக் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன். ஒப்புக்கொள்வது என்றே முடிவு செய்தாலும், 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் விடுவிக்கக் கேட்கலாம். அப்படி விட்டால் தண்டனையோடு ஒட்டிக்கொண்டு வரும் தகுதியிழப்பு அவனைத் தொடாது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை கேட்டால் ஒரு வாய்தா, இரண்டு வாய்தா போகும். “அது வரைக்கும் உள்ளயா?” என்றான். ஆமாம் என்றேன். “வேணாம் மேடம். இன்னிக்கே முடிச்சிடுங்க.”

நீதிபதியும் அவசரப்படவில்லை. குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்து, புரிகிறதா, யாராவது சொல்லச் சொன்னார்களா என்றெல்லாம் கேட்டார். ஒப்புக்கொண்டாலும் அதை ஏற்றுத் தண்டிப்பது அவர் விருப்பத்துக்கு உட்பட்டதுதான். “ஆமாங்க ஐயா, நான்தான் எடுத்தேன்” என்று தெளிவாகச் சொன்னான். வராந்தாவில் அரை மணி நேரம் முன்பு எடுக்கவில்லை என்றவன். நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து நின்று, இவன் சொல்வது உண்மையல்ல என்று சொல்வதா? அவன் வாயால் சொல்வதை மறுக்க எனக்கு அதிகாரம் கொடுத்தது யார்? முடிவு குற்றம் சாட்டப்பட்டவனுடையது, வக்கீலுடையது அல்ல. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த முடிவைச் சுற்றி நிற்கும் பூட்டுகளை எல்லாம் வேறு யாரோ போட்டிருக்கும்போது, அதை அவனுடைய முடிவு என்று சொல்லலாமா என்பதில்தான் சந்தேகம்.

அதற்குப் பிறகு நான் சொல்லும் வரிசையை மாற்றிவிட்டேன். பின்விளைவை முதலில் சொல்கிறேன், எப்போது வெளியே வரலாம் என்பதைக் கடைசியில். இது சரியான பாடம் என்று சக வக்கீல்களிடமும் சொன்னேன். ஆனால் இப்படிச் சொல்லிக் கேட்ட ஒரு பையன் வழக்கை நடத்துவது என்று முடிவெடுத்தான். ஜாமீன்தாரர் இல்லாமல் இன்றும் உள்ளேதான் இருக்கிறான். அவனும் சுயமாகத்தான் தீர்மானித்தானா, இல்லை என் வரிசைதான் தீர்மானித்ததா என்று எனக்கு விளங்கவில்லை.

போன மாதம் அந்தத் தம்பி போன் செய்தான். ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை, போலீஸ் சரிபார்ப்பில் வழக்கு வந்து நிற்கிறது. அன்று ஒப்புக்கொண்டதை இப்போது எப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டேன். “அன்னிக்கு வந்தது கரெக்ட்டுதான் மேடம். அம்மாவை வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தாங்க. இப்ப இதை மட்டும் எடுத்து விடுங்க” என்றான்.

தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி மேல் கோர்ட்டில் சீராய்வு மனு போட்டுப் பார்க்கலாம், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும், ஒப்புக்கொண்ட வழக்கு என்பதால் கஷ்டம், உறுதி எதுவும் தர முடியாது என்று சொன்னேன். இந்தத் தடவை கஷ்டத்தைத்தான் முதலில் சொன்னேன். வக்காலத்தில் கையெழுத்துப் போட வருகிறேன் என்றான். லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் என்பதால் இன்னும் வரவில்லை. தீர்ப்பு நகலுக்கு மட்டும் விண்ணப்பித்து வைத்திருக்கிறேன்.