பயப்பட ஆளில்லாத உயரம்

பணகுடி, ராதாபுரம் வட்டாரத்தில் காற்றாலைகளின் பெரிய பராமரிப்பு காற்று அடங்கிய மாதங்களில்தான் நடக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று பாய்ந்து வரும்போது, ஓடுகிற இயந்திரத்தை நிறுத்த எந்த முதலாளிக்கு மனம் வரும்?

எண்பது மீட்டர் கோபுரம் அசையும். சொன்னால் புதியவர்கள் நம்புவதில்லை. ஏறிப் பார்த்ததும் முகம் வெளுத்துவிடும். அன்று எனக்குக் கோபுர உச்சியில் உள்ள இயந்திர அறையின் கூரைமேல் காற்றுமானியை மாற்றும் வேலை. இறக்கைகளை நிறுத்திப் பூட்டியாயிற்று. மேற்கே மகேந்திரகிரி, கீழே பனைகள், தெற்கே வெளிறிய கடல். திருகாணியை முடுக்கிக்கொண்டே இருந்தேன். எந்தக் கணத்தில் என்று தெரியவில்லை, கோபுரம் அசைகிறது, அதன்மேல் நான் நிற்கிறேன் என்ற கணக்கு போய்விட்டது. அசைவு மட்டும் இருந்தது. தோல் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியவில்லை. பனைகள் தூரத்தில் இருப்பதாகவும் படவில்லை. பரவசம், சிலிர்ப்பு என்றெல்லாம் பெரிதாகச் சொல்லமாட்டேன். பயம் இல்லை, பயப்பட அங்கே ஆள் இல்லை.

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1901-02இல் எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இத்தகைய நிலைக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார். சொல்லில் அடங்காது, ஏதோ உண்மை புலப்பட்டதுபோல் இருக்கும், நெடுநேரம் நிற்காது, நம் விருப்பம் அதில் செயலற்றுக் கிடக்கும். பின்னாளில் படித்தபோது முதல் மூன்றுக்கும் தலையாட்டினேன். நான்காவதில்தான் மனம் சிக்கிக்கொண்டது. விருப்பம் கிடந்தது உண்மைதான். கை கிடக்கவில்லையே! இடம் மாறும்போதெல்லாம் பாதுகாப்புக் கயிற்றின் இரட்டைக் கொக்கியில் ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றியிருக்கிறது. பழைய மானியின் வயர்கள் நிறம் பிசகாமல் புதியதில் சேர்ந்திருந்தன. 'நான்' இருந்த நாட்களில்கூட அவ்வளவு சுத்தமாக வேலை நடந்ததில்லை.

தியானத்துக்கு மலையேறுகிறவர்கள் இதைக் கேட்டால் பொறாமைப்படலாம். எனக்கென்னவோ, வருடக்கணக்காகக் கைக்குப் பழக்கம் ஏற்றிவைத்த பிறகு கிடைக்கிற கூலி இது என்று தோன்றுகிறது. பயிற்சி இல்லாத ஒருவன் அந்த உயரத்தில் தன்னை மறந்தால் கதை வேறு.

கூட ஏறிய அண்ணாச்சியிடம் இறங்கிய பிறகு சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்: "காலையில் சாப்பிட்டீர்களா, இல்லையா?"

வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். அவர் நம்பவில்லை. மறுநாளிலிருந்து, மேலே இருக்கும் நேரமெல்லாம் என்னிடம் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார்.