பதினோராம் இலக்கத்தின் கோல்

ஜூன் 14, சனி

0–1. வலய மட்ட உதைபந்தாட்ட அரையிறுதியோட எங்கட பெண்பிள்ளையள் அணியின்ர பயணம் சரி. பிள்ளையளின்ர பேர் இதில வராது. முதுகில இருக்கிற இலக்கம் போதும்.

முடிய நாலு நிமிசம் இருக்கேக்க பதினொண்டு அடிச்ச பந்து வலைக்குள்ள போனது. எல்லாரும் கட்டிப்பிடிச்சுக் குதிச்சு, ரெண்டு பேர் மண்ணில புரண்டு முடிஞ்ச பிறகுதான் துணை மத்தியஸ்தரின்ர கொடியைக் கண்டம்: பந்து குடுபடேக்க பதினொண்டு எதிரணியின்ர கடைசிக்கு முதல் ஆளைத் தாண்டி நிண்டாளாம், கோல் இல்லை. ஓஃப்சைட்.

நான் செய்ததையும் எழுதத்தான் வேணும். கோட்டோரமா ஓடிப்போய் "களவு! பச்சைக் களவு!" எண்டு கத்தினன். மத்தியஸ்தர் வந்து எனக்கு மஞ்சள் அட்டை காட்டினார். பயிற்றுநருக்கும் அட்டை காட்டலாம் எண்ட விதி 2019இல வந்தது. அதை இந்தப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சதே நான்தான்.

முடிஞ்ச பிறகு ஒருத்தியும் பணிஸைத் தொடேல்ல. பதினொண்டு சப்பாத்தைக் கழட்டாமல், லேசை அவிழ்க்கிறதும் கட்டுறதுமா இருந்தாள். முந்தியெண்டா இந்த நேரத்தில ஒரு பேச்சு வைப்பன். 'தோல்விதான் வெற்றியின் முதற்படி' வகைப் பேச்சு. அழுற பிள்ளையின்ர காதுக்குள்ள அது போகாது எண்டு விளங்கவே எனக்குப் பத்து வருசம் பிடிச்சது. தண்ணிப் போத்தலைக் குடுத்திட்டுப் பக்கத்தில இருந்தன், அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

காலமை பதினொண்டின்ர அம்மா போன் எடுத்தா. "மிஸ், இனி இவளுக்குப் பந்து வேண்டாம். ஓ.எல் சோதினை வருது. நேர்மையில்லாத இடத்துக்கு ஏன் பிள்ளைய அனுப்புவான்?" அந்தக் கடைசி வசனம் அவவின்ர இல்லை. நேற்று நான் கோட்டோரத்தில கத்தினதுதான் சுத்தி வந்து எனக்கே கேக்குது.

பின்னேரம் ஒரு தகப்பன் போனில எடுத்த வீடியோ வட்ஸ்அப்பில வந்தது. இருபது தரமாவது பாத்திருப்பன். கோல் கம்பத்துக்குப் பின்னால நிண்டு சரிவா எடுத்தது. அந்தக் கோணத்தில பிள்ளை முன்னுக்கு நிண்டாளா, கடைசிக்கு முதல் ஆளோட சமமா நிண்டாளா எண்டு சத்தியமாச் சொல்ல ஏலாது. சமமெண்டால் ஓஃப்சைட் இல்லை. ஒண்டு மட்டும் வடிவாத் தெரியுது: கொடி பிடிச்சவர் அந்தக் கோட்டிலயே இல்லை, நல்ல தூரம் பின்னுக்கு.

ஜூன் 17, செவ்வாய்

மைதானத்துக்குப் போக மனமில்லை எண்டினம். திருகோணமலை டச்பே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனன். கச்சான் (நிலக்கடலை) வாங்கி மணலில இருந்தம். கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒண்டு கடதாசிப் பையை மோந்துகொண்டு பின்னால திரிஞ்சுது.

முதல் விசயமா, "சனிக்கிழமை நான் கத்தினது பிழை. களவு எண்டு சொல்ல என்னட்ட ஒரு சாட்சியும் இல்லை" எண்டன். ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. பிறகு, என்னால இருக்க ஏலாமல், கிரிக்கெட் பந்துவீச்சாளர் முரளியின்ர கதையை எடுத்தன். 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். அவர் பந்தை எறியிறார் எண்டு ஒரே நடுவர் ஏழு தரம் நோபோல் காட்டிக் கை நீட்டினார். 2010 ஜூலையில காலியில 800ஆவது டெஸ்ட் விக்கெட். சொல்லேக்க எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சுது.

கோல் கீப்பர் கச்சான் கோதை ஊதிப்போட்டுக் கேட்டாள்: "அவருக்கு அடுத்த மட்ச் இருந்தது மிஸ். எனக்கு வருசம் பிறந்தா வயசு போயிடும். எனக்கு எது 800?"

பதினெட்டு வயசுக்குக் கீழான போட்டி. அவளையும் சேர்த்து மூண்டு பேருக்கு இதுதான் கடைசி. மறுமொழி இருக்கிற மாதிரி நடிக்க எனக்கு விருப்பமில்லை. "இல்லை, பிள்ளை. அது போனது போனதுதான்" எண்டன். அப்பதான் அழுதாள். சனிக்கிழமை கண்ணில தண்ணி வராத ஒரே ஆள் அவள்தான்.

ஜூன் 19, வியாழன்

இண்டைக்குக் கொடி விளையாட்டு. ஓரக்கோட்டில ஒரு ஸ்டம்பை ஊண்டி, அதில என்ர போனைக் கட்டினன். ஒருத்தி பந்து குடுக்க, ஒருத்தி ஓட, நாலு பேர் தடுக்க, பதினொண்டின்ர கையில கொடி. தாயைச் சமாளிச்சு 'ஒரு நாளைக்கு மட்டும்' எண்டு வந்தவள். தடுக்கிறவை எப்பவும் ஸ்டம்புக்கு நேராத்தான் நிக்கவேணும் எண்டு சொல்லி வைச்சன். இல்லாட்டிப் போனும் அந்தத் தகப்பன்ர வீடியோ மாதிரித்தான்.

பந்து குடுக்கிறவளின்ர கால் பந்தில முதல் படுற அந்தக் கணத்தில ஆள் எங்க நிண்டாள் எண்டதுதான் கணக்கு. பந்து வந்து சேரேக்க எங்க நிண்டாள் எண்டது இல்லை. கையைக் கணக்கில எடுக்கிறதில்லை. தலை, உடம்பு, கால் மட்டும். சொல்ல லேசு. ஆனா பந்தை உதைக்கிறவள் ஒரு பக்கம், ஓடுறவள் மற்றப் பக்கம், ரெண்டையும் ஒரே கண் பாக்கவேணும். செக்கனுக்கு 6 மீற்றர் ஓடுற பிள்ளையை, செக்கனில பத்தில ஒரு பங்கு பிந்திப் பாத்தாலே 60 சென்ரிமீற்றர் பிழைச்சுப் போகும். ஒரு முழத்துக்கு மேல.

பத்துப் பந்துக்குப் பதினொண்டு நாலு பிழை விட்டாள். போனைக் காட்டினால் நம்பமாட்டன் எண்டு நிக்கிறாள். ஏழாம் இலக்கம், "களவு!" எண்டு என்ர குரலிலயே கத்த, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். நானும் சிரிச்சன், கொஞ்சம் பிந்தி.

பிறகு பதினொண்டு தானாச் சொன்னாள்: "மிஸ், அந்த ஆள் கோட்டோட ஓடியிருக்கவேணும். ஓடேல்ல. அது பிழைதான்." ஓம், அது பிழைதான். பிழை விடுறது லேசு எண்டதுக்காகப் பிழை சரியாகிப் போகாது. இதை மழுப்பினால் பிள்ளையள் எங்களை நம்பமாட்டினம்.

வெளிக்கிடேக்க கீப்பர் தன்ர கொப்பியை நீட்டினாள். அண்டைக்கு எங்களுக்குக் கிடைச்ச மூலை உதை ஏழு. ஒண்டிலயாவது எங்கட தலை படேல்ல. இதைச் சனிக்கிழமை நான் சொல்லியிருந்தா, கோலும் போய் ஏச்சும் எங்களுக்கோ எண்டிருப்பினம்.

ஜூன் 20, வெள்ளி

ஏற்பாட்டாளருக்குக் கடிதம் எழுதினன். கோலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கோல் விழுந்ததா இல்லையா எண்டதில மத்தியஸ்தரின்ர முடிவே கடைசி எண்டு விதி 5 சொல்லுது. அதை மாத்தச் சொல்லிக் கேக்கிறது வெறும் கடதாசிச் செலவு. கேட்டது ஒண்டே ஒண்டு: அரையிறுதியில இருந்தாவது, பயிற்சி எடுத்த துணை மத்தியஸ்தர்களைப் போடுங்கோ. கீழ என்ர மஞ்சள் அட்டைக்கு மன்னிப்பும் கேட்டன். கீப்பர் வாசிச்சுப் பாத்து எழுத்துப்பிழை ரெண்டு திருத்தினாள்.

பதில் வருமோ தெரியாது.

ஜூன் 28, சனி

நிலாவெளிப் பக்கம் ஒரு சிநேகபூர்வ ஆட்டம். கச்சான் காத்து, அதுதான் தென்மேற்குக் காத்து, மண்ணை வாரி முகத்தில எறிஞ்சுது. பதினொண்டு வந்தாள்; தாயும் வந்தா, குடையோட. ஒரு தரம் எங்கட பக்கம் கொடி எழும்ப, பிள்ளையள் எல்லாரும் பந்தைப் பாக்காமல் திரும்பி என்னைப் பாத்தினம். நான் கையைக் கட்டிக்கொண்டு நிண்டன். நாக்கைக் கடிச்சது ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது.

0–3. சுத்தமான தோல்வி. வானில வரேக்க ரோல்ஸ் பன்னிரண்டு, ஆக்கள் பதினாறு. நிலாவெளியில துவங்கின சண்டை உப்புவெளி தாண்டியும் முடியேல்ல.