டிரான்சிஸ்டர் டெஸ்டருக்குப் புது சிப் போட்ட கதை

பவர் சப்ளை போர்டிலிருந்து கழற்றிய 400 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை, மிச்சமிருந்த சார்ஜை இறக்காமல் டிரான்சிஸ்டர் டெஸ்டரில் (செருகிய பாகம் என்ன, அதன் மதிப்பு என்ன என்று திரையில் காட்டும் சிறு கருவி) செருகிவிட்டேன். படக்கென்று ஒரு சத்தம், அத்தோடு திரையில் எதுவும் வரவில்லை. இந்த வகை டெஸ்டரில் மூன்று சோதனை முனைகளும் அதன் மூளையான ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் கால்களுக்கு நேராகவே போகின்றன, நடுவில் தடுப்பு ஒன்றும் கிடையாது. 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2 வோல்ட்தான் இருந்தது; சிப்பை சாக்கெட்டிலிருந்து எடுத்ததும் சரியாக 5 வந்துவிட்டது. ஆக, போனது சிப் மட்டும்தான்.

இதற்கான ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) திறந்த மூலமாகக் கிடைப்பது பெரிய நிம்மதி. பழைய சிப்பிலிருந்து எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

புது சிப்பை பிரெட்போர்டில் (சோல்டர் இல்லாமல் பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை) வைத்து, சிப்பில் ஃபர்ம்வேரை எழுதும் யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமரை இணைத்தால் பதிலே இல்லை. வயரை எல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாலை முழுக்கப் போனது. விஷயம் வேகத்தில் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது இந்த சிப் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும், புரோகிராமரின் கிளாக் அதில் கால் பங்குக்கும் கீழே இருக்க வேண்டும், என்னுடையதோ 375 கிலோஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருந்தது. புரோகிராமரை இயக்கும் ஏவிஆர்டியூட் மென்பொருளில் வேகத்தைக் குறைத்ததும் உடனே சிப்பின் அடையாள எண்ணான சிக்னேச்சர் வந்தது.

ஃபர்ம்வேரை சிப்பின் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதி டெஸ்டரில் போட்டேன். திரை உயிர்பெற்றது, ஆனால் எழுத்து வர வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டங்கள், அதுவும் மெதுவாக ஊர்ந்து வந்தன. இரண்டு தவறுகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. ஊர்வதற்குக் காரணம் ஃபியூஸ் (சிப்பின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பிட்டுகள்), வெளியே இருக்கும், கிளாக் தரும் 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பயன்படுத்தச் சொல்லி அதை மாற்றவே இல்லை. கட்டங்களுக்குக் காரணம் ஈப்ராம், அதாவது சிப்பிலேயே இருக்கும் இன்னொரு நினைவகம். நான் எடுத்த பதிப்பில் திரையில் வரும் சொற்கள் எல்லாம் ஈப்ராமில்தான் இருக்கின்றன, அந்தக் கோப்பையும் தனியாக எழுத வேண்டும், அதுவும் ஃபிளாஷ் கோப்பின் அதே பதிப்பாக இருக்க வேண்டும். வெற்று ஈப்ராமில் எல்லா பைட்டும் 255, இந்தத் திரையில் 255 என்றால் முழுக் கறுப்புக் கட்டம்!

சரி என்று ஃபியூஸை முதலில் மாற்றினேன். மறுபடியும் சிப் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பயந்துதான் போனேன், அப்புறம்தான் புரிந்தது, பிரெட்போர்டில் கிரிஸ்டலே இல்லை, அது இல்லாமல் இனி சிப் ஓடாது. ஒரு கிரிஸ்டலும் இரண்டு 22 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டரும் போட்டதும் வந்துவிட்டது. இதைச் செய்பவர்கள் ஃபியூஸைக் கடைசியாக எழுதுங்கள், அல்லது கிரிஸ்டலை முதலிலேயே மாட்டிவிடுங்கள்.

ஈப்ராமையும் எழுதியபின் சொற்கள் தெளிவாக வந்தன. மூன்று முனைகளையும் ஒன்றாக ஷார்ட் செய்து, அது கேட்கும்போது பிரித்து அளவுத்திருத்தத்தை முடித்தேன். இப்போது டெஸ்டருக்குப் பக்கத்திலேயே 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்றால் சார்ஜ் இறங்க அதன் முனைகளில் இந்த ரெசிஸ்டரை 5 விநாடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே செருகுகிறேன்.